வலையில் பெரிய மீன் இருக்கிறது, குஞ்சுகளைத்தான் காணோம்: ஏரிக்குள் வந்த அயல் இனங்கள் பற்றி ஒரு கேள்வி

கரைநண்டு எழுதியது:

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஒரு நன்னீர் ஏரியின் மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏரிக்கு உரியதல்லாத ஒரு கொன்றுண்ணி மீன் சில ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்துவிட்டது. யார் விட்டார்கள் என்று வழக்கம்போல யாருக்கும் தெரியாது.

என் குழப்பம் இதுதான். செவுள் வலையில் ஆண்டுதோறும் விழும் உள்ளூர் மீன்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. எடை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கரையோரம் நடந்தால், முன்பெல்லாம் காலடிச் சத்தத்துக்கே கூட்டமாகச் சிதறி ஓடும் பொடிக் குஞ்சுகள் இப்போது கண்ணில் படுவதே இல்லை. வலை சொல்வதை நம்புவதா, கண் சொல்வதை நம்புவதா? "வந்த மீன் தின்றுவிட்டது, எழுதி முடி" என்கிறார் என் வழிகாட்டி. அவ்வளவுதானா?

பழந்தூண்டில் எழுதியது:

இதில் கேட்க என்ன இருக்கிறது? பெரியது சின்னதைத் தின்னும். பனாமாவின் காட்டுன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் பீகாக் பாஸ் என்ற கொன்றுண்ணி மீன் நுழைந்தது. சில ஆண்டுகளிலேயே, அது பரவிய பகுதிகளில் சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்த எட்டு மீன் இனங்களில் ஆறு இல்லாமல் போயின. சிறு மீனை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் குறைந்தன. உங்கள் வழிகாட்டி சொல்வது சரிதான்.

மிதவைப்பித்தன் எழுதியது:

அண்ணே, காட்டுன் ஏரிக் கதை சரி. ஆனால் எல்லா ஏரியையும் அதே கண்ணாடி போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெரியாமலே போய்விடும்.

கரைநண்டு, முதலில் உங்கள் வலையைப் பற்றி. செவுள் வலையின் கண்ணி அளவுதான் எந்த மீன் மாட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த அளவுக்குக் கீழே இருப்பது நுழைந்து போய்விடும். அதனால் உங்கள் பதிவில் இருப்பவை எல்லாம் மூன்று, நான்கு, ஐந்து வயது மீன்கள், அதாவது அயல் மீன் பெருகுவதற்கு முன் பிறந்தவை. அவை செத்துத் தீரும் வரை உங்கள் வலை "எல்லாம் நலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எடை கூடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கீழே இருந்து புதிய தலைமுறை மேலே வராதபோது மிஞ்சிய மீன்களுக்கு உணவுப் போட்டி குறைவு, உடம்பு போடும். வலையும் பொய் சொல்லவில்லை, கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு ஆண்டுகளைக் காட்டுகின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஸ்பார்க்ளிங் ஏரி. 1980களின் தொடக்கத்தில் ரெயின்போ ஸ்மெல்ட் என்ற ஒல்லியான மீன் அங்கே வந்து சேர்ந்தது. பெரிய சிஸ்கோ மீனை விழுங்க அதனால் முடியாது. ஆனால் புதிதாகப் பொரித்த சிஸ்கோ குஞ்சுகளைத் தின்றது. வளர்ந்த சிஸ்கோக்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன, முட்டையும் இட்டன, குஞ்சு மட்டும் தேறவில்லை. 1990 வாக்கில் அந்த ஏரியில் சிஸ்கோவே இல்லை.

இரண்டாவது, எனக்கு முக்கியமாகப் படுவது. பொரித்த குஞ்சு சாவதற்கு யாராவது தின்னத்தான் வேண்டும் என்பதில்லை, பட்டினியே போதும். 1914லேயே நார்வேயின் ஹியோர்ட் என்ற மீனியலாளர் கடல் மீன்களை வைத்து இதைப் பேசியிருக்கிறார். முட்டைக்கரு தீர்ந்து, குஞ்சு தன் வாயால் முதல் இரையைப் பிடிக்க வேண்டிய அந்தச் சில நாட்களில் இரை கிடைக்கிறதா என்பதுதான் அந்த ஆண்டுத் தலைமுறையின் தலையெழுத்து என்பது அவர் கருத்து. அந்த இரை கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரி. அதில் கை வைக்கும் அயல் இனம் மீனாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

கரைநண்டு எழுதியது:

நன்றி அண்ணா. மிதவை உயிரி பற்றி நான் யோசிக்கவே இல்லை. மீனே அல்லாத இனம் என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

மிதவைப்பித்தன் எழுதியது:

இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜீப்ரா மட்டியும் அதன் உறவான குவாகா மட்டியும். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்தவை. கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க அதன் அடியில் நிரப்பும் தண்ணீரோடு வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்தன. ஜீப்ரா மட்டி 1988ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. நகக்கண் அளவுள்ள ஒரு மட்டி ஒரு நாளில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டும். ஏரியின் அடித்தரை முழுக்க மட்டி படர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிடும். கரையில் நிற்பவருக்கு "ஆகா, ஏரி சுத்தமாகிவிட்டது" என்று தோன்றும். குஞ்சுக்கோ அது துடைத்து வைத்த சட்டி. பாசி போனால் பாசி தின்னும் மிதவை உயிரி போகும், அது போனால் குஞ்சுக்கு இரை இல்லை. மிச்சிகன் ஏரியில் வசந்தகாலப் பாசிப் பெருக்கே ஏறத்தாழ அடங்கிப்போனது.

இன்னொன்று முள்வால் தண்ணீர்ப்பூச்சி. பைத்தோட்ரெஃபீஸ் என்பது அதன் பேரினப் பெயர். இதுவும் ஐரோப்பா, ஆசியாவிலிருந்து போனது, 1980களில். மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வால். குஞ்சுகளுக்குப் பிடித்தமான டாஃப்னியா என்ற பொடித் தண்ணீர்ப்பூச்சியை இது வேட்டையாடித் தின்கிறது. சரி, குஞ்சு இதைத் தின்று ஈடுகட்டிக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள மீனுக்கு அந்த முள் தொண்டையில் இறங்காது, துப்பிவிடும். இரையும் போச்சு, மாற்று இரையும் இல்லை.

மின்னசோட்டாவின் ஒன்பது பெரிய ஏரிகளில் 35 ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஜீப்ரா மட்டியோ முள்வால் பூச்சியோ வந்த ஏரிகளில், வால்ஐ மீனின் குஞ்சுகள் முதல் கோடை முடிவில், முன்பு இருந்ததைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குட்டையாக இருந்தன. இதில் யாரும் யாரையும் தின்னவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பழந்தூண்டில் எழுதியது:

பத்து விழுக்காடுதானே? கொஞ்சம் குட்டையாக இருந்துவிட்டுப் போகட்டுமே, சாகவில்லையே.

மிதவைப்பித்தன் எழுதியது:

குஞ்சுப் பருவத்தில் நீளம்தான் உயிர் அண்ணே. வால்ஐ முதல் கோடையிலேயே மிதவையிலிருந்து புழு பூச்சிக்கும், அங்கிருந்து சிறு மீனுக்கும் மாறியாக வேண்டும். இரையாக வேண்டிய மற்ற இனங்களின் குஞ்சுகளும் அதே நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். இது குட்டையாகிப்போனால் வாய் சிறுத்துப்போகும், அவை வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும். பேருந்தைத் தவறவிட்ட மாதிரிதான். அப்புறம் குளிர்காலம். பனிக்கட்டிக்குக் கீழே மாதக்கணக்கில் சேமித்த கொழுப்பில் ஓட்ட வேண்டும். சின்ன உடம்பில் சேமிப்பும் குறைவு, செலவோ எடைக்கு எடை பார்த்தால் அதிகம். வசந்தத்தில் எண்ணிப் பார்த்தால் ஆள் இருக்காது. அதோடு, குட்டையான குஞ்சு பிறர் வாய்க்குள் அடங்கும் அளவிலேயே அதிக நாள் இருக்கும். தின்றது பெரிய மீன்தான், ஆனால் தின்னக் கொடுத்தது பட்டினி.

எதிர்நீச்சல் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் வருகிறேன். விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய கொன்றுண்ணி மீன் விடப்பட்டது. 1980களில் அது பெருகியபோது ஏரியின் மொத்த மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. ஏற்றுமதித் தொழிலே அதில் உருவானது. ஈரி ஏரிக்கு ரவுண்ட் கோபி வந்தது. நம் உளுவை மீன் குடும்பம்தான் அது. அங்கே ஸ்மால்மவுத் பாஸ் மீனின் குஞ்சுகள் அந்தக் கோபியைத் தின்று, முன்பைவிடச் சீக்கிரமே மீனுணவுக்கு மாறி வேகமாக வளர்கின்றன என்று பதிவு இருக்கிறது. அப்படியானால் "அயல் இனம் வந்தால் குஞ்சுகளுக்குக் கேடு" என்ற ஒற்றை வரி நிற்காது.

முட்டைக்காவலன் எழுதியது:

எதிர்நீச்சல் சொன்ன கோபி விவரம் உண்மை. ஆனால் அந்தக் கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கிறார்.

ஸ்மால்மவுத் பாஸில் ஆண்மீன்தான் குழி பறித்து, முட்டைகளைக் காக்கும். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து மற்ற மீன்களை விரட்டும். தந்தை இருக்கும் வரை கோபிகள் சுற்றுவட்டாரத்திலேயே காத்திருக்கும். தூண்டிலில் அந்த ஆண் மாட்டி மேலே போன சில நிமிடங்களில் கூடு கோபிகளால் நிரம்பிவிடும். பிடித்தவர் மீனைத் தடவிக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டாலும், அதற்குள் முட்டைகளில் பெரும்பங்கு காலியாகியிருக்கலாம். பிடித்து விட்டுவிடுவது பாவமில்லாத விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு, கோபி உள்ள ஏரியில் முட்டைப் பருவத்தில் அது அப்படி இல்லை.

ஆக, ஒரே கோபி ஒரே பாஸுக்கு மே மாதத்தில் முட்டைத் திருடன், ஆகஸ்டில் சாப்பாடு. லேக் ட்ரவுட் மாதிரி முட்டையைக் கற்களுக்கு இடையே போட்டுவிட்டுப் போய்விடும் மீன்களுக்கோ இந்தக் கணக்கில் வரவே கிடையாது, செலவு மட்டும்தான். கல்லிடுக்கு என்பது கோபியின் சொந்த வீடு. அதே இடுக்குகளில் ரஸ்டி கிரேஃபிஷ் என்ற நன்னீர் நண்டும் (நம்மூர் வழக்கில் நண்டு என்றேன், உண்மையில் சிங்கிறாலின் உறவு) அந்த முட்டைகளைத் தேடித் தின்கிறது.

விக்டோரியா ஏரி பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை, வேறு யாராவது எழுதுங்கள்.

ஆழம்பார்ப்பவள் எழுதியது:

நான் எழுதுகிறேன். மொத்த எடை கூடியது உண்மை, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஹாப்ளோகுரோமைன் என்ற சிறு சிக்லிட் மீன்களில் சுமார் 200 இனங்கள் அந்த ஏரியிலிருந்து மறைந்துபோனதாகக் கணிக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் வகை. ஒரு பேற்றில் சில பத்துக் குஞ்சுகள்தான். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டும் திறமை அவற்றுக்கு இல்லை. தாயைத் தின்றால் வாயில் இருக்கும் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போகும். அவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் கலங்கிப் போனதும், ஆழத்தில் உயிர்வளி குறைந்ததும் சேர்ந்துகொண்டன, எல்லாப் பழியையும் ஒரே மீன் மேல் போடக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1980களின் இறுதியில் அதே ஏரியில் ஆகாயத்தாமரை பரவியது. உலகம் முழுக்கத் திட்டு வாங்கும் செடி. அதன் அடியில் உயிர்வளி குறைவு, நைல் பெர்ச்சுக்கு அது ஒத்துவராது. குறைந்த உயிர்வளியைத் தாங்கும் மீன்களுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்த மிதவைத் திட்டுகள் ஒளிந்துகொள்ளும் இடமாயின. ஒரு அயல் இனத்திடமிருந்து இன்னொரு அயல் இனத்தின் காலடியில் அடைக்கலம். அதற்காக ஆகாயத்தாமரையை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். திட்டு மூடிவிட்டால் அடியில் வெளிச்சமும் இல்லை, மூச்சும் இல்லை, பெரும்பாலான குஞ்சுகளுக்கு அது சவப்பெட்டிதான்.

கரைநண்டு, ஒன்று கவனியுங்கள். நைல் பெர்ச் பிறக்கும்போதே கொன்றுண்ணி இல்லை. பொடிக் குஞ்சாக மிதவை உயிரிகளைத் தின்று, பிறகு சிற்றிறாலுக்கு மாறி, அப்புறம்தான் மீன் தின்னத் தொடங்குகிறது. உங்கள் ஏரிக்கு வந்ததும் அப்படியான மீன் என்றால், அதன் பெரியது உள்ளூர்க் குஞ்சைத் தின்னும், அதன் சின்னது உள்ளூர்க் குஞ்சின் சாப்பாட்டைத் தின்னும். இரண்டு பக்கமும் அடி.

கரைநண்டு எழுதியது:

அந்தக் கடைசிப் பத்தியைப் படித்ததும் வயிற்றைப் புரட்டியது. கரையில் எப்போதாவது தெரியும் குஞ்சுகளை எல்லாம் நான் உள்ளூர் இனம் என்றே குறித்துக்கொண்டிருக்கிறேன்.

முட்டைக்காவலன் எழுதியது:

தம்பி, குறிப்பேட்டைத் திறந்து அதையெல்லாம் சுழித்து வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் குஞ்சை மேலிருந்து பார்த்து இனம் சொல்ல யாராலும் முடியாது.

கரைநண்டு எழுதியது:

தம்பி இல்லை, தங்கை. சுழித்துவிட்டேன்.

முட்டைக்காவலன் எழுதியது:

மன்னிக்கவும் தங்கையே. பரிகாரமாக, யாரும் எளிதில் நினைத்துப் பார்க்காத ஒரு வழியைச் சொல்கிறேன்: வைட்டமின்.

ஏல்வைஃப் என்பது மத்தி மாதிரி ஒரு மீன். அட்லாண்டிக் கரையைச் சேர்ந்தது, கால்வாய்கள் வழியாகப் பேரேரிகளுக்குள் ஏறி 1949ல் மிச்சிகன் ஏரிக்கு வந்துவிட்டது. லாம்ப்ரே என்ற உறிஞ்சி மீனும் அளவுமீறிய மீன்பிடிப்பும் ஏற்கெனவே லேக் ட்ரவுட்டை ஒழித்திருந்ததால் கேட்பாரில்லாமல் பெருகி, 1967ல் கோடிக்கணக்கில் செத்து கரையில் ஒதுங்கி நாறியது. இந்த மீன் மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்னும், மிதவையில் பெரிய உயிரிகளையாகப் பொறுக்கித் தின்று பொடிசுகளை மட்டும் விட்டுவைக்கும். இதுவரை நீங்கள் கேட்ட கதைதான்.

புதுக்கதை இதன் உடம்புக்குள் இருக்கிறது. தயமினேஸ் என்ற நொதி. வைட்டமின் பி1 ஆன தயமினை அது சிதைக்கும். ஏல்வைஃபையே தின்று கொழுத்த ட்ரவுட், சால்மன் தாய்மீன்களைப் பார்த்தால் குறையே தெரியாது, ஆனால் அவை இடும் முட்டைகளில் தயமின் மிகக் குறைவு. முட்டை பொரிக்கும், கரு தீரும் கட்டத்தில் குஞ்சு நிலை தடுமாறும், திருகாணி மாதிரி சுழன்று நீந்தும், செத்துவிடும். குஞ்சுப் பண்ணைகளில் தயமின் கலந்த தண்ணீரில் முட்டையையோ குஞ்சையோ ஊறவைத்தால் பிழைத்துக்கொள்கிறது. காட்டு ஏரியில் யார் ஊறவைப்பது?

2003, 2004 வாக்கில் ஹூரான் ஏரியில் ஏல்வைஃப் திடீரென்று சரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில், எவ்வளவோ காலமாகப் பண்ணைக் குஞ்சுகளை நம்பியே இருந்த லேக் ட்ரவுட், ஏரியிலேயே பிறந்த குஞ்சுகளாகத் தென்பட ஆரம்பித்தது. வால்ஐ குஞ்சுகளும் மளமளவென்று பெருகின. ஏல்வைஃபையே நம்பியிருந்த சினூக் சால்மன் மட்டும் அடி வாங்கியது. அதுவும் 1960களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்தான்.

பழந்தூண்டில் எழுதியது:

நாற்பது வருஷம் தூண்டில் போட்டிருக்கிறேன், இரை மீன் வழியாகத் தாய்க்கு வைட்டமின் குறைந்து குஞ்சு சாகும் என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். நான் முதலில் எழுதியதை முழுக்கத் திரும்பப் பெறவில்லை, ஆனால் பாதி வாபஸ்.

இன்னொரு கேள்வி. குஞ்சு இல்லை என்றால் பண்ணையிலிருந்து விரலளவுக் குஞ்சுகளை வாங்கி விட்டால் போதாதா? இல்லையென்றால் அவற்றுக்குத் தீனியாக ஏதாவது இறாலை விடலாமே?

ஆழம்பார்ப்பவள் எழுதியது:

ஐயா, இரண்டாவது யோசனையை ஒருமுறை செய்தே பார்த்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் வருத்தமான ஏரிக்கதை அதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மொன்டானா மாநிலத்தின் ஃபிளாட்ஹெட் ஏரி. கோகனி என்ற சால்மன் வகைக்கு நல்ல தீனி கிடைக்கட்டும் என்று, 1968 முதல் 1975 வரை மேல்பகுதி ஏரிகளில் மைசிஸ் என்ற சிற்றிறாலை விட்டார்கள். நல்லெண்ணம்தான். மைசிஸ் ஆற்றோடு இறங்கி 1981ல் ஃபிளாட்ஹெட் ஏரியில் தென்பட்டது. அது பகல் முழுக்க ஆழத்தில் அடித்தரையில் கிடக்கும், இருட்டிய பிறகு மேலே வந்து டாஃப்னியாவைத் தின்னும். கோகனியோ கண்ணால் பார்த்துப் பகலில் இரை பிடிக்கும் மீன். தீனி என்று விட்ட இறால் மேலே வரும்போது கோகனிக்குக் கண் தெரியாது, கண் தெரியும்போது இறால் மேலே இல்லை. கடைசியில் நடந்தது என்னவென்றால், தீனியாக விட்டது குஞ்சுகளின் தீனியைக் காலி செய்தது.

கதை அதோடு முடியவில்லை. ஆழத்தில் வாழும் லேக் ட்ரவுட்டின் இளசுகளுக்கு அந்த மைசிஸ் லட்டு மாதிரி கிடைத்தது. அதுவரை அந்த ஏரியில் ட்ரவுட் குஞ்சுகள் அவ்வளவாகத் தேறியதில்லை. மைசிஸ் வந்ததும் தேறின, பெருகின, வளர்ந்ததும் கோகனியைத் தின்றன. 1985ல் மெக்டொனால்ட் ஓடையில் முட்டையிட ஏறி வந்த கோகனி ஒரு லட்சத்துக்கும் மேல். 1989ல் சுமார் 50. அந்த மீனுக்காக ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கில் கூடும் வெண்டலைக் கழுகுகளும் வராமல் நின்றன.

கோகனியும் லேக் ட்ரவுட்டும்கூட அந்த ஏரிக்கு மனிதர்கள் கொண்டுவந்தவைதான். யார் சொந்தக்காரர், யார் வந்தேறி என்று பட்டியல் போட்டுச் சண்டை பிடிப்பவர்களுக்கு இந்த ஏரி பிடிக்காது. எனக்கு இதில் முக்கியமாகப்படுவது வேறு. ஒரே புது வரவு, ஒரு இனத்தின் குஞ்சைப் பட்டினி போட்டது, இன்னொரு இனத்தின் குஞ்சைச் சோறூட்டி வளர்த்தது. பெரிய மீன்களை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டுமே சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

விரலளவுக் குஞ்சு விடுவது பற்றி: பட்டினியாலோ வேட்டையாலோ குஞ்சு தேறாத ஏரியில் மேலும் குஞ்சை விட்டால் அயல் மீனுக்கு விருந்து வைப்பதாகத்தான் முடியும். முட்டைக் கட்டத்தில் மட்டும் இழப்பு என்றால் அது உதவலாம். அதனால்தான் எந்தக் கட்டத்தில் சாகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

எதிர்நீச்சல் எழுதியது:

இந்தக் கதைக்குப் பிறகு எனக்கு வாதாட விருப்பமில்லை. ஆனால் செடிகளை விட்டுவிட்டீர்கள். யூரேசிய மில்ஃபாயில் மாதிரி அயல் நீர்ச்செடி அடர்ந்து வளர்ந்தால் குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கூடத்தானே செய்யும்?

முட்டைக்காவலன் எழுதியது:

கூடும், அளவுக்கு மீறிக் கூடும். இடைவெளி விட்டு வளரும் செடிகளில் குஞ்சு ஒளியவும் முடியும், இரை தேடவும் முடியும். சுவர் மாதிரி மண்டிவிட்டால் சூரிய மீன் என்ற சிறு நன்னீர் மீன்களின் குஞ்சுகள் உள்ளேயே நெரிசலில் பிழைத்து, சாப்பாடு பத்தாமல் குள்ளமாகவே நின்றுவிடும். இளம் பாஸ்களோ உள்ளே நுழைந்து வேட்டையாட முடியாமல் வெளியே பட்டினி. விஸ்கான்சினில் சில ஏரிகளில் செடிகளுக்கு நடுவே கால்வாய் மாதிரி வழி வெட்டிவிட்டுப் பார்த்தார்கள், சில வயது மீன்களுக்கு வளர்ச்சி கூடியது.

இதற்கு நேர்மாறு சாதாக் கெண்டை. அது சேற்றைக் கிளறிச் செடியையே வேரோடு பிடுங்கிப் போட்டுவிடும். தொட்டிலையே உடைக்கிற மீன். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, அதன் முட்டையையும் குஞ்சையும் புளூகில் என்ற சூரிய மீன்கள் தேடித் தின்னும். அதனால் புளூகில் நிறைந்த ஏரியில் கெண்டைக் குஞ்சு தேறுவது கடினம். பனிக்காலத்தில் உயிர்வளி தீர்ந்து மற்ற மீன்கள் செத்துப்போகும் ஆழமற்ற சதுப்புகளுக்குப் போய் முட்டையிட்டுத்தான் கெண்டை பெருகுகிறது. மின்னசோட்டாவில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அயல் மீனை அதன் முட்டைப் பருவத்திலேயே ஒழிப்பதும் நடக்கிறது. யெல்லோஸ்டோன் ஏரியில் 1994ல் லேக் ட்ரவுட் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது வலை போட்டுப் பிடிப்பதோடு, அது முட்டையிடும் கல்திட்டுகள் மேல் மட்கும் பொருளால் ஆன குளிகைகளைப் போடுகிறார்கள். அவை அழுகும்போது உயிர்வளி குறைந்து முட்டைகள் சாகின்றன. ஜப்பானின் இசுனுமா ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் பெருகியபின் பிட்டர்லிங் என்ற சிறு மீன்கள் காணாமல் போயின. அங்கே தன்னார்வலர்கள் பாஸுக்குச் செயற்கைக் கூடு வைத்து, அது முட்டையிட்டதும் எடுத்து அழிக்கிறார்கள். ஸ்பார்க்ளிங் ஏரியில் சிஸ்கோ போனது போனதுதான், ஆனால் அங்கே ரஸ்டி கிரேஃபிஷை 2001 முதல் எட்டு ஆண்டுகள் பொறி வைத்துப் பிடித்தபின் நீர்ச்செடியும் சூரிய மீன்களும் திரும்பி வந்தன.

கரைநண்டு எழுதியது:

இத்தனை வழிகள் என்றால் என் ஏரியில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மிச்சமிருப்பது ஒரு பருவம்தான்.

மிதவைப்பித்தன் எழுதியது:

ஒரு பருவம் போதும், தொடக்கத்துக்கு. செவுள் வலையை ஓரமாக வையுங்கள். பொரித்த முதல் சில வாரங்களுக்கு இரவில் விளக்குப் பொறி, குஞ்சு வெளிச்சத்துக்கு வரும். பிறகு கரையோரம் சிறுகண்ணி இழுவலை, பத்து நாட்களுக்கு ஒருமுறை, அதே இடங்களில். ஒவ்வொரு குஞ்சின் நீளத்தையும் குறியுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது.

பார்க்க வேண்டியது இதுதான். எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், மிஞ்சியவை நன்றாகவே வளர்ந்தால் வேட்டைமேல் சந்தேகப்படலாம். எண்ணிக்கை குறைவதோடு வளர்ச்சியும் நின்றுபோனால் பட்டினி. முதல் வாரத்திலேயே ஒன்றும் இல்லை என்றால் முட்டைக் கட்டத்திலோ தாயிடத்திலோ கோளாறு. இது கணக்குச் சூத்திரம் இல்லை, இரண்டும் கலந்துதான் வரும். உறுதிப்படுத்தக் கொஞ்சம் குஞ்சுகளின் செவிக்கல்லை எடுத்துப் பாருங்கள். பல இனங்களில் அதில் நாளுக்கு ஒரு வளையம் விழும், மரத்து வளையம் மாதிரி. எப்போது பொரித்தது, எந்த வாரத்தில் வளர்ச்சி நெருங்கிப்போனது என்று படிக்கலாம். வயிற்றையும் திறந்து பாருங்கள். கூடவே மிதவை உயிரி மாதிரியும் எடுங்கள். அது இல்லாமல் வெறும் வயிற்றைப் பார்த்துப் பயனில்லை.

பழந்தூண்டில் எழுதியது:

தங்கச்சி, காலையில் இழுவலை போடும்போது கரைச்செடிக்குள்ளும் ஒரு இழுப்பு போடு. பொடிசுகள் வெட்டவெளியில் நிற்காது, இது படிப்பில்லாமலே எனக்குத் தெரியும்.

கரைநண்டு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நான்கு முறை இழுவலை போட்டாகிவிட்டது. பழந்தூண்டில் ஐயா சொன்ன மாதிரி செடிக்குள் போட்ட இழுப்பில்தான் முக்கால்வாசி கிடைத்தது.

குஞ்சுகள் இருக்கின்றன! முதல் இழுப்பில் உள்ளூர் இனக் குஞ்சு நிறையவே வந்தது, ஆக முட்டை பொரிப்பதில் சிக்கல் இல்லை. நான்காவது இழுப்பில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. மிஞ்சியவற்றின் சராசரி நீளம் இரண்டாவது இழுப்புக்கும் நான்காவது இழுப்புக்கும் இடையே ஏறத்தாழ நகரவே இல்லை. ஆழம்பார்ப்பவள் அக்கா சொன்னது அப்படியே நடந்தது: ஆய்வகத்தில் இனம் பிரித்தபோது, அதே வலையில் வந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் அயல் மீனின் குஞ்சுகள். உள்ளூர்க் குஞ்சைவிட ஒரு விரற்கடை நீளம். வழிகாட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிதவை மாதிரி எங்கே?" என்று கேட்டார்.

எடுத்திருக்கிறேன், ஆனால் அதில் சக்கர உயிரிகளே (டாஃப்னியாவைவிடப் பொடியான மிதவை உயிரிகள்) இல்லை, டாஃப்னியா மட்டும் கொஞ்சம் தெரிகிறது. குஞ்சு வயிற்றிலோ சக்கர உயிரிகள் இருக்கின்றன. இது எப்படி?

மிதவைப்பித்தன் எழுதியது:

மிதவை வலையின் கண்ணி எத்தனை மைக்ரான்?

கரைநண்டு எழுதியது:

153.

மிதவைப்பித்தன் எழுதியது:

அதுதான். சக்கர உயிரி அதில் நிற்காது, ஒழுகிப் போய்விடும். செவுள் வலையில் நடந்ததேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. 63 மைக்ரான் வலை ஒன்று இரவல் கிடைக்கிறதா பாருங்கள், கிடைக்காவிட்டால் இங்கேயே சொல்லுங்கள், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.